வெளுக்காத சாயம்

இருபத்திரண்டு வருடம் டேங்கர் ஓட்டினேன்.
உத்தியேலில் நிரப்பி
வாலன்சியா துறைமுகத்தில் இறக்கும் வேலை.
என்ன சரக்கு, எலூதெரியோ, பாலா
என்பான் எடைமேடைக்காரன்.
ரத்தம் என்பேன்.
தினமும் இதே பேச்சு, இருவருமே சிரிக்கமாட்டோம்.

ரத்தமில்லை. போபல்.

காளைத் தலை போல குலை இருப்பதால்
லத்தீனில் மாட்டைத் தொட்டு வந்த பெயராம்.
எந்தக் காளைக்கும் இத்தனை கண்களை நான் பார்த்ததில்லை.
ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு
ஒரு கண் கறுத்திருக்கும்,
ஒட்டியிருக்கும் கண் பச்சையாய் முறைக்கும்.
செப்டம்பர் போயும் தீராத பங்காளிச் சண்டை.

கடல் எழுபது கிலோமீட்டர்தான்.
ஆனால் எங்கள் மேடு எண்ணூறு மீட்டர் உயரம்.
ஏப்ரல் வெயிலை நம்பி மற்ற கொடிகள் கண் திறக்கும்,
ஒரே இரவில் பனி வந்து பொசுக்கிவிட்டுப் போகும்.
போபல்
எல்லோரும் ஏமாந்து முடித்தபிறகு
மெல்லத் துளிர்க்கும்.

பந்தல் இல்லை, கம்பி இல்லை.
சிவப்பு மண்ணில் முழங்கால் உயரக் கட்டை.
பிரான்சின் வேர்களைத் தின்று தீர்த்த பூச்சி
மலையேறி இங்கு வந்து சேர வெகுகாலம் ஆனது,
வந்தும் இதை லேசில் மெல்ல முடியவில்லை.
அதற்குள் அங்கே ஒரு தேசத்துக்கே தாகம்.
இங்கே தண்டவாளம் போட்டார்கள்.
ரயிலுக்குப் பின்னால் நான்.

ஒரு தொட்டியின் சாற்றை வடித்துவிட்டு
அதன் தோலையும் அடுத்த தொட்டியில் கொட்டுவார்கள்.
ஒரு சாற்றுக்கு இரண்டு தோல்.
அதில் பேனா தொட்டு எழுதலாம்.
எழுதியிருக்கிறேன், டீசல் கணக்கு.

யார் யாரோ வெளிறிப் போயிருந்தார்கள்,
அவர்கள் கன்னத்துக்குச் சிவப்பு வேண்டியிருந்தது.
லேபிளில் அவர்கள் பெயர்.

எண்பத்தெட்டில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம்.
வண்டியை பிரான்சுக்கே ஓட்டு என்றார்கள்.
செத் நகரில் இறக்கிவிட்டு
ஒரு மதுக்கடையில் உட்கார்ந்தேன்.
எங்கள் மலைச்சரிவில் விளைந்தது என்று
கடைக்காரன் பெருமையாய் ஊற்றினான்.
முதலில் புளிப்பு, பல் கூசியது.
பிறகு முள்புதரில் பறித்த கறுப்புப் பழம்.
பிறகு ஈறைப் பிடித்து உலுக்கும் துவர்ப்பு.
கழிப்பறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டினேன்.
கறுப்பு.
நீயா, என்றேன்.
வெளியே வந்து முழுக் காசும் கொடுத்தேன்,
என்ன சொல்லியிருக்க முடியும்?

பிறகு, பிடுங்கினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று
பிரஸ்ஸல்ஸிலிருந்து பணம் வந்தது.
பிராக்செதெஸ் கையெழுத்துப் போட்டு ஒரு கார் வாங்கினான்.
எண்பது வயதுக் கட்டைகளை
வெளிச்சுவரை ஒட்டி அடுக்கிவைத்தான்.
மூன்று குளிர்காலம் அதில் ஆட்டு விலா சுட்டோம்.
நல்ல தணல். பொய் சொல்லமாட்டேன்,
நானும் தின்றேன், விரல் சூப்பினேன்.

கசில்தா பிடுங்கவில்லை.
பாசமெல்லாம் இல்லை,
அவள் தோட்டத்துப் பாதையில் இயந்திரம் ஏறாது.
அதற்குள் பணம் கொடுப்பதும் நின்றது.
என் மனைவியின் தங்கை, எதையும் தாமதமாகச் செய்கிறவள்.

போன ஞாயிறு மேசையில் ஒரு பாட்டிலை வைத்தாள்.
லேபிளில் பெரிய எழுத்தில் போபல்.
முதல்முறையாக அந்த எழுத்துகளைக்
கண்ணாடி மேல் பார்க்கிறேன்.
பன்னிரண்டு மாதம் ஓக் பீப்பாயில் இருந்ததாம்.
என் டேங்கரில் இரண்டு மணி நேரம்தான் இருக்கும்.

விலை பதினான்கு யூரோ என்றாள்.
காகித விரிப்பில் கணக்குப் போட்டேன்.
இருபத்தைந்தாயிரம் லிட்டர்,
முப்பத்து மூவாயிரம் பாட்டில்.
அப்படியானால் நான்கரை லட்சம் யூரோவை
கொண்டை ஊசி வளைவுகளில்
நாளுக்கு இருமுறை இறக்கியிருக்கிறேன்,
பிரேக் சரியில்லாத வண்டியில்.

கணக்கை நிறுத்து, ஆறிப்போய்விடும் என்றாள்.
ஒயின் எங்கே ஆறுகிறது,
ஆனாலும் எடுத்துக் குடித்தேன்.

கோப்பையை வைத்த இடத்தில்
எண்களின் மேல் ஒரு வட்டம்.
மூன்றை அழித்து, லட்சத்தை அழித்து
காகிதத்தில் ஊறி
இன்னும் அகலமாகிக்கொண்டிருந்தது.